ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் முன் ரெஃபரன்ஸ் பட்டியலை ஒழுங்குபடுத்துவது எப்படி?

மாதக்கணக்கில் உழைத்து எழுதிய கட்டுரையை ஆய்விதழின் தளத்தில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள். சில நாளில் ஒரு மின்னஞ்சல் வரும்: “ரெஃபரன்ஸ்கள் எங்கள் பாணியில் இல்லை, திருத்தி மறுபடியும் அனுப்பவும்.” கட்டுரை மதிப்பாய்வாளர் கைக்கே போயிருக்காது. இப்படித் திரும்பி வந்ததை உட்கார்ந்து புள்ளி புள்ளியாகத் திருத்தி அலுத்துப்போன அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். காற்புள்ளி எங்கே, சாய்வெழுத்து எங்கே என்பதெல்லாம் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒவ்வொரு மூலத்தின் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் சரியா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை. நம்மில் பலர் காற்புள்ளிக்கு இரண்டு நாள் செலவழித்துவிட்டு விவரங்களைப் பார்க்காமலே அனுப்பிவிடுகிறோம்.

1. ஆய்விதழின் வழிகாட்டுப் பக்கத்தை முதலில் படியுங்கள்

எல்லா ஆய்விதழ்களின் தளத்திலும் ‘ஆசிரியர்களுக்கான வழிமுறைகள்’ என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் ரெஃபரன்ஸ் பகுதியை மட்டுமல்ல, முழுவதையும் படியுங்கள். குறித்துக்கொள்ள வேண்டியவை இவை: எந்தப் பாணி, அதில் எந்தப் பதிப்பு, ரெஃபரன்ஸ் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டா, சொல் எண்ணிக்கையில் ரெஃபரன்ஸ் பட்டியலும் சேருமா, இதழ்ப் பெயர்களைச் சுருக்கி எழுத வேண்டுமா, டிஓஐ (கட்டுரைக்குரிய நிரந்தர இணைய அடையாள எண்) கட்டாயமா.

எண்ணிக்கை வரம்பைப் பலர் கவனிப்பதில்லை. குறுங்கட்டுரை, கடிதம் போன்ற வகைகளுக்குச் சில இதழ்கள் கறாரான வரம்பு வைத்திருக்கின்றன. எழுதி முடித்தபிறகு பாதி ரெஃபரன்ஸை வெட்டச் சொன்னால் வாதமே ஆட்டம் கண்டுவிடும்.

இன்னொரு பக்கம், முதல் முறை அனுப்பும்போது எந்தப் பாணியில் இருந்தாலும் பரவாயில்லை, சீராக இருந்தால் போதும் என்று சொல்லும் இதழ்கள் இப்போது நிறைய. எல்செவியர், டெய்லர் & ஃபிரான்சிஸ், வைலி போன்ற பெரிய பதிப்பகங்களின் பல இதழ்கள் அப்படித்தான். வழிமுறையில் அந்த வரி இருந்தால், ஏற்றுக்கொள்ளும் வரை பாணியைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். அதற்காக டிஓஐ இல்லாமல், ஆண்டு இல்லாமல் அனுப்பலாம் என்று அர்த்தமில்லை.

வழிமுறைப் பக்கம் பழையதாகவோ குழப்பமாகவோ இருந்தால் அந்த இதழின் கடைசி வெளியீட்டிலிருந்து இரண்டு மூன்று கட்டுரைகளை இறக்கி, அவற்றின் பட்டியலைப் பாருங்கள்.

2. பாணியை அடையாளம் காணுங்கள்

பாணிகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் குடும்பம் முக்கியமாக இரண்டுதான். உரைக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் வருவது ஒன்று (ஏபிஏ, ஹார்வர்டு, சிகாகோவின் ஒரு வகை). எண் வருவது இன்னொன்று (வான்கூவர், ஐஇஇஇ, ஏஎம்ஏ). மனிதவியல் துறைகளில் அடிக்குறிப்பு முறையும் உண்டு. அது தனி உலகம், இங்கே அதைத் தொடவில்லை.

டிஎன்ஏ அமைப்பைச் சொன்ன 1953ஆம் ஆண்டுக் கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில், தலைப்பைச் சுருக்கித் தருகிறேன்.

ஏபிஏ:
வாட்சன், ஜே. டி., & கிரிக், எஃப். எச். சி. (1953). மாலிக்யுலர் ஸ்ட்ரக்சர் ஆஃப் நியூக்ளியிக் ஆசிட்ஸ். நேச்சர், 171(4356), 737–738.

வான்கூவர்:
வாட்சன் ஜேடி, கிரிக் எஃப்எச்சி. மாலிக்யுலர் ஸ்ட்ரக்சர் ஆஃப் நியூக்ளியிக் ஆசிட்ஸ். நேச்சர். 1953;171(4356):737-8.

ஐஇஇஇ:
[1] ஜே. டி. வாட்சன் அண்ட் எஃப். எச். சி. கிரிக், “மாலிக்யுலர் ஸ்ட்ரக்சர் ஆஃப் நியூக்ளியிக் ஆசிட்ஸ்,” நேச்சர், தொ. 171, எண் 4356, பக். 737–738, ஏப். 1953.

தகவல் ஒன்றுதான். ஆண்டு மட்டும் மூன்று இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஐஇஇஇயில் இனிஷியல் பெயருக்கு முன்னால், மற்ற இரண்டிலும் பின்னால். வான்கூவரில் இனிஷியலுக்குப் புள்ளி கிடையாது, பக்க எண்ணும் 737-8 என்று குறுகிவிட்டது. இத்தனையையும் ஐம்பது ரெஃபரன்ஸுக்குக் கையால் செய்ய நினைப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது.

ஆசிரியர்கள் அதிகமாக இருக்கும்போது எத்தனை பெயர் எழுதுவது என்பதிலும் பாணிகள் வேறுபடும். ஏபிஏ ஏழாம் பதிப்பில் 20 பேர் வரை எல்லாரையும் எழுத வேண்டும். 21 பேரோ அதற்கு மேலோ இருந்தால் முதல் 19 பேர், பிறகு முப்புள்ளி, பிறகு கடைசி ஆசிரியர். வான்கூவர் பாணி இதழ்கள் பலவற்றில் ஆறு பேருக்குப் பிறகு ‘எட் ஆல்’ (மற்றும் பலர்). ஏஎம்ஏவில் ஆறைத் தாண்டினால் முதல் மூவர் மட்டும். உரைக்குள் ஏபிஏ பாணி என்றால், மூன்று பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் முதல் முறை குறிப்பிடும்போதே முதல் ஆசிரியரோடு ‘எட் ஆல்’ போட்டுவிடலாம். ஆறாம் பதிப்பில் இது வேறு மாதிரி இருந்தது. பழைய ஆய்வேட்டைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஹார்வர்டு என்று சொல்லியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. அதற்கு ஒரே அதிகாரப்பூர்வ விதிநூல் கிடையாது. பதிப்பகத்துக்குப் பதிப்பகம், பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். அந்த இதழின் மாதிரியைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள்.

3. மென்பொருளும் செலவும்

ரெஃபரன்ஸ்களைச் சேமித்துப் பாணிப்படி பட்டியலாக்கித் தரும் மென்பொருள்களில் ஜோடெரோ இலவசம், திறமூல மென்பொருள். நான் பரிந்துரைப்பது இதைத்தான். ரெஃபரன்ஸ் விவரங்களை எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாக இணையத்தில் ஒத்திசைக்கலாம். பிடிஎஃப்களையும் அவர்கள் சேமிப்பகத்தில் வைக்க வேண்டுமென்றால் 300 எம்பி வரை இலவசம். அதற்கு மேல் 2 ஜிபிக்கு ஆண்டுக்கு 20 டாலர். பிடிஎஃப்களை உங்கள் கணினியிலேயே வைத்துக்கொண்டால் காசே தேவையில்லை.

மெண்டலேயும் இலவசம்தான், 2 ஜிபி இடம் தருகிறார்கள். எண்ட்நோட்டுக்குக் காசு கட்ட வேண்டும். உங்கள் நிறுவனம் ஏற்கெனவே உரிமம் வாங்கியிருக்கலாம், நூலகத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். லேடெக்ஸில் (கட்டளைகளால் ஆவணம் அமைக்கும் மென்பொருள்) எழுதுபவர்களுக்கு ரெஃபரன்ஸ் விவரங்களை வைக்கும் பிப்டெக்ஸ் கோப்பு இருந்தால் போதும், அதை நிர்வகிக்க ஜேப்ரெஃப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

காசு வாங்கிக்கொண்டு ரெஃபரன்ஸ் பட்டியலை அழகுபடுத்தித் தரும் சேவைகளும் உண்டு. அவர்கள் திருத்துவது புள்ளியையும் காற்புள்ளியையும்தான். ஆண்டு தவறாக இருந்தால் பெரும்பாலும் அப்படியேதான் திரும்பி வரும். அந்தக் காசு வீண் என்பது என் கருத்து.

கூட்டாக எழுதுகிறீர்களா? எல்லாரும் ஒரே மென்பொருளையும் ஒரே பொது நூலகத்தையும் பயன்படுத்துவது என்று முதல் நாளே பேசி முடியுங்கள். ஒருவர் ஜோடெரோ, ஒருவர் எண்ட்நோட், மூன்றாமவர் கையால் தட்டச்சு என்றால் கடைசியில் யாராவது ஒருவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து செருக வேண்டிவரும். பெரும்பாலும் அது இளையவர் தலையில்தான் விடியும்.

4. பதிவுகளைச் சுத்தம் செய்யுங்கள்

நேரத்தைக் கொட்ட வேண்டிய இடம் இதுதான். மென்பொருளுக்குள் போகும் விவரம் தவறாக இருந்தால், எந்தப் பாணியைத் தேர்ந்தாலும் தவறு தவறாகவே அழகாக வந்து நிற்கும்.

முதலில், பதிவை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். கூகுள் ஸ்காலர் தரும் மேற்கோளை அப்படியே ஒட்டாதீர்கள். அதில் டிஓஐ வராது, மற்ற விவரங்களும் சில நேரம் குறையும். ஜோடெரோவில் மந்திரக்கோல் மாதிரி ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி டிஓஐயை இட்டால் முழுப் பதிவும் வந்துவிடும். புத்தகமாக இருந்தால் ஐஎஸ்பிஎன் போதும்.

வந்த பதிவையும் கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும்?

நிறுவனங்களின் பெயர். உலக சுகாதார அமைப்பு ஆசிரியராக இருக்கும் அறிக்கையை எடுத்தால், மென்பொருள் அதை ஒரு மனிதரின் பெயர் என்று நினைத்து ‘ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்.’ என்று அச்சிட்டுவிடும். சிரிப்பாக இருக்கும், ஆனால் அச்சான கட்டுரைகளிலேயே இதைப் பார்க்கலாம். ஜோடெரோவில் ஆசிரியர் புலத்தை ஒற்றைப் புலமாக மாற்றினால் சரியாகும். பிப்டெக்ஸில் பெயரை இரட்டை நெளிவு அடைப்புக்குள் போடுங்கள்.

குடும்பப் பெயர் இல்லாத ஆசிரியர்கள். இனிஷியலும் சொந்தப் பெயரும் மட்டுமே உள்ளவர்களுக்கு, இனிஷியல் குடும்பப் பெயர் இடத்திலும் பெயர் முதற்பெயர் இடத்திலும் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் பட்டியலில் அவர் ஒற்றை எழுத்தாகத்தான் தெரிவார். ‘வான்’, ‘டி’ போன்ற முன்னொட்டுள்ள ஐரோப்பியப் பெயர்களிலும் சிக்கல் வரும். பல கட்டுரைகளின் முதல் பக்கத்தில் ‘இப்படி மேற்கோள் காட்டவும்’ என்று ஒரு வரி இருக்கும். ஆசிரியர் தன் பெயர் எப்படி வர வேண்டுமென்று விரும்புகிறார் என்பது அதில் தெரியும்.

ஆண்டு. இணையத்தில் டிசம்பரில் வெளியாகி, அடுத்த ஆண்டு தொகுதியில் சேர்ந்த கட்டுரைகள் நிறைய. தொகுதி, பக்கம் எல்லாம் வந்துவிட்டது என்றால் அந்தத் தொகுதியின் ஆண்டையே போடுங்கள். மென்பொருள் சில நேரம் இணையத்தில் வந்த ஆண்டை இழுத்துக்கொண்டு வரும்.

தலைப்பில் பெரிய எழுத்து. ஆங்கிலத் தலைப்புகளை ஏபிஏ, வான்கூவர் பாணிகளில் முதல் சொல்லுக்கும் சிறப்புப் பெயர்களுக்கும் மட்டும் பெரிய எழுத்து வைத்து எழுதுவார்கள். சிகாகோ, எம்எல்ஏ (மொழி, இலக்கியத் துறைகளில் வழங்குவது) பாணிகளில் முக்கியச் சொல் எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்து. ஜோடெரோவில் முதல் வகையிலேயே சேமித்து வையுங்கள். அதிலிருந்து இரண்டாம் வகைக்கு மென்பொருள் தானாக மாற்றும். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் ஒழுங்காக மாற்றத் தெரியாது. பிப்டெக்ஸில் வேறொரு தொல்லை: சில பாணிகள் தலைப்பு முழுவதையும் சிறிய எழுத்தாக்கி, டிஎன்ஏ போன்ற சுருக்கங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அந்தச் சொல்லை மட்டும் நெளிவு அடைப்புக்குள் வைத்தால் தப்பும்.

பக்க எண். இணைய இதழ்கள் பலவற்றில் பக்கமே இல்லை, கட்டுரை எண்தான். பக்கத்துக்குப் பதில் அதை இடுங்கள். பிடிஎஃப்பில் தெரியும் 1–14 என்பதைப் பக்க எண் என்று போட்டால் தேடுபவருக்கு ஒன்றும் கிடைக்காது.

இதழ்ப் பெயரின் சுருக்கம். வான்கூவர் பாணிக்கு அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலில் உள்ள சுருக்கத்தையே எடுங்கள், நீங்களாக வெட்டாதீர்கள். நேச்சர், லான்செட் போன்ற ஒற்றைச் சொல் பெயர்களுக்குச் சுருக்கம் கிடையாது.

படித்தவுடனே ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்துவிட்டால் ஒரு பதிவுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்தால் ஒரு முழு நாளை அப்படியே ஒதுக்கிவிடுங்கள்.

5. உரைக்குள் செருகும்போது

வேர்டில் மென்பொருளின் செருகுநிரல் வழியாகவே மேற்கோளைச் செருகுங்கள். பக்க எண் சேர்க்க வேண்டுமா, ஆசிரியர் பெயரை மறைத்து ஆண்டை மட்டும் காட்ட வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அந்தப் பெட்டிக்குள்ளேயே வழி இருக்கிறது. உரையில் நேரடியாகக் கைவைத்துத் திருத்தாதீர்கள். பட்டியலில் கையால் செய்த திருத்தம் அடுத்த முறை புதுப்பித்தவுடன் காணாமல் போகும்.

ஜோடெரோ மேற்கோள்கள் உள்ள வேர்ட் கோப்பைக் கூகுள் டாக்ஸுக்குக் கொண்டுபோய்த் திருத்தித் திரும்பக் கொண்டுவந்தால் உயிருள்ள (மென்பொருளோடு இணைந்த) மேற்கோள்கள் வெறும் எழுத்தாகிவிடும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஜோடெரோவின் ஆவண விருப்பங்களில் ‘வேறு சொற்செயலிக்கு மாறு’ என்ற வசதி இருக்கிறது, அதன் வழியாகப் போங்கள்.

ஏபிஏவில் ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் எழுதிய இரண்டு கட்டுரைகளுக்கு ஆண்டோடு எழுத்து சேர்ப்பார்கள். முதல் எழுத்து எதற்கு என்பதைப் பட்டியலில் தலைப்பின் அகரவரிசைதான் தீர்மானிக்கும், நீங்கள் எதை முதலில் சொன்னீர்கள் என்பதல்ல. எண் முறையில் கவனிக்க வேண்டியது அட்டவணைகளும் படங்களும். அவற்றுக்குள் மட்டும் வரும் ரெஃபரன்ஸின் எண், அந்த அட்டவணை உரையில் முதலில் குறிப்பிடப்படும் இடத்தைப் பொறுத்து அமைய வேண்டும். பலர் அட்டவணைகளைக் கோப்பின் கடைசியில் வைப்பதால் மென்பொருள் அவற்றுக்குக் கடைசி எண்களைக் கொடுத்துவிடும்.

6. தொல்லை தரும் மூலங்கள்

முன்பதிப்பு (மதிப்பாய்வுக்கு முன்பே இணையத்தில் வெளியிடுவது): ஆர்க்சிவ் போன்ற தளத்தில் படித்த கட்டுரை பிறகு ஆய்விதழில் வந்துவிட்டதா என்று தேடுங்கள். வந்திருந்தால் அதைப் படித்துவிட்டு அதையே காட்டுங்கள்.

ஆங்கிலம் அல்லாத நூல்: ஏபிஏவில் மூலத் தலைப்பை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தர வேண்டும். மென்பொருள் இதைச் செய்யாது, தலைப்புப் புலத்தில் நீங்களே இரண்டையும் எழுத வேண்டும். ஒலிபெயர்ப்பு முறை கட்டுரை முழுவதும் ஒன்றாக இருக்கட்டும்.

தனிப்பட்ட உரையாடல், மின்னஞ்சல்: ஏபிஏவில் உரைக்குள் மட்டும் வரும், பட்டியலில் வராது.

வேறொருவர் எடுத்தாண்டதை எடுத்தாள்வது: முடிந்தால் மூலத்தைத் தேடிப் படியுங்கள். கிடைக்கவே இல்லை என்றால் மட்டும் ‘இன்னாரில் குறிப்பிட்டபடி’ என்று எழுதி, நீங்கள் உண்மையில் படித்ததைப் பட்டியலில் சேருங்கள்.

7. இருக்கிறதா, சரிதானா?

அனுப்புவதற்கு முன் இரண்டு சோதனை.

முதலாவது, ஒவ்வொரு டிஓஐயையும் சொடுக்கிப் பாருங்கள். திறக்கும் பக்கம் அதே கட்டுரைதானா? செயற்கை நுண்ணறிவு அரட்டைகளிடம் ரெஃபரன்ஸ் கேட்டு வாங்கியிருந்தால் இந்தச் சோதனையைத் தவறவே விடாதீர்கள். நம்பும்படியான ஆசிரியர் பெயர், நம்பும்படியான தலைப்பு, அசல் இதழின் பெயர் எல்லாம் போட்டு, இல்லாத கட்டுரையை அவை உருவாக்கித் தரும். டிஓஐ வேறு ஏதோ கட்டுரைக்குப் போகும். எடிட்டர் கண்ணில் இப்படி ஒன்று பட்டால் பாணிப் பிழை மாதிரி திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்ப மாட்டார். உங்கள் நேர்மையையே கேள்வி கேட்பார்.

டிஓஐ இல்லாத பழைய பதிவுகளுக்கு, டிஓஐகளைப் பதிவு செய்யும் அமைப்பான கிராஸ்ரெஃப்பின் தளத்தில் ஒரு இலவசத் தேடல் இருக்கிறது. ரெஃபரன்ஸை ஒட்டினால், டிஓஐ இருந்தால் தேடித் தரும். நேச்சரில் 1953இல் வந்த அந்தக் கட்டுரைக்கும்கூட டிஓஐ இருக்கிறது, 10.1038 என்று தொடங்கும். பழைய கட்டுரை என்பதால் இருக்காது என்று நினைக்காதீர்கள்.

இந்தச் சோதனையின்போதே, திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதாவது பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜோடெரோ ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவோடு ஒப்பிட்டுச் சிவப்புப் பட்டையில் எச்சரிக்கும்.

இரண்டாவது, உரையில் உள்ளது எல்லாம் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ளது எல்லாம் உரையில் வருகிறதா. மென்பொருள் வழியாகவே எல்லாம் செருகியிருந்தால் பிரச்சினை இருக்காது. கையால் தட்டச்சு செய்த ஒன்றிரண்டு எங்காவது ஒளிந்திருக்கும். பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் தேடி டிக் அடிப்பதுதான் எனக்குத் தெரிந்த நம்பகமான வழி.

8. கோப்பைத் தயார் செய்தல்

எல்லாம் முடிந்ததும் கோப்பை இரண்டு பிரதியாக வையுங்கள். ஒன்று, மேற்கோள்கள் உயிரோடு இருக்கும் பிரதி. இது உங்களிடமே இருக்க வேண்டும். இன்னொன்றில் ‘மேற்கோள்களின் இணைப்பை நீக்கு’ என்பதைச் சொடுக்கி, வெறும் எழுத்தாக்கி அதை அனுப்புங்கள். இணைப்பை நீக்கிவிட்டால் திரும்பக் கொண்டுவர முடியாது. உயிருள்ள பிரதி கையில் இல்லாமல் திருத்தப் பட்டியல் வந்து நின்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செருக வேண்டியதுதான். கோப்பின் பெயரிலேயே எது எது என்று எழுதிவையுங்கள்.

லேடெக்ஸ் என்றால் மூலக் கோப்போடு பிப் கோப்பையும், சில இதழ்களுக்கு (அதிலிருந்து உருவாகும் பட்டியலான) பிபிஎல் கோப்பையும் ஏற்ற வேண்டும். விட்டுவிட்டால் அவர்கள் உருவாக்கும் பிடிஎஃப்பில் மேற்கோள் வர வேண்டிய இடத்திலெல்லாம் கேள்விக்குறியாக நிற்கும். பதிவேற்றியபின் தளம் காட்டும் பிடிஎஃப்பைக் கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.

9. திருத்தமும் புரூஃபும்

மதிப்பாய்வாளர் புதிய ரெஃபரன்ஸ்களைச் சேர்க்கச் சொல்வார். பொருத்தமானதைச் சேருங்கள். கட்டுரைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரே ஆசிரியரின் கட்டுரைகளாகப் பட்டியலிட்டிருந்தால், எல்லாவற்றையும் சேர்க்க வேண்டிய கட்டாயமில்லை; எடிட்டருக்கு மரியாதையாகக் காரணத்தை எழுதலாம். எண் முறையில் ஒரு விஷயம்: நடுவில் ஒரு ரெஃபரன்ஸ் நுழைந்ததும் அதற்குப் பின்னால் உள்ள எண்ணெல்லாம் மாறும். பதில் கடிதத்தில் ‘ரெஃபரன்ஸ் 17’ என்று எழுதியிருந்தால் அது பழைய எண்ணா புதிய எண்ணா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடிதத்தைக் கடைசியில் எழுதினால் இந்தத் தலைவலி இல்லை.

கட்டுரை ஏற்கப்பட்டு புரூஃப் (வெளியீட்டுக்கு முந்தைய சரிபார்ப்புப் பிரதி) வரும்போது கேள்விகளும் சேர்ந்து வரும்: ‘ரெஃபரன்ஸ் 14 உரையில் எங்கும் குறிப்பிடப்படவில்லை’, ‘ரெஃபரன்ஸ் 22க்குத் தொகுதி எண் தரவும்’ என்பது போல. பதிலளிக்கப் பல இதழ்கள் 48 மணி நேரம்தான் தருகின்றன, அதனால் ரெஃபரன்ஸ் நூலகம் உள்ள கணினி கையருகில் இருக்கட்டும். நீங்கள் ‘அச்சில்’ என்று காட்டிய கட்டுரைகள் இதற்குள் வெளிவந்திருக்கும். தொகுதி, பக்கம், ஆண்டு மூன்றையும் புதுப்பித்துக் கொடுங்கள். பதிப்பகத்தின் தானியங்கி முறை உங்கள் பட்டியலை மறுபடி வடிவமைத்திருக்கும் என்பதால், நீங்கள் சரியாகக் கொடுத்ததும் அங்கே மாறியிருக்கலாம். முக்கியமாக நிறுவனப் பெயர்களையும் ஆங்கிலம் அல்லாத தலைப்புகளையும் ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அனுப்புங்கள்.